நல்மரணச் சங்கத்தில் ஊர்க்காரர்

சூசையப்பருக்கும் டிக்கெட் எடுக்க வேண்டும் என்று கண்டக்டர் சொன்னபோது நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. சுங்கைப்பட்டாணியிலிருந்து கோலா கெத்தில் போகிற பஸ் அது. என் பக்கத்து இருக்கையில், பழைய வேட்டியில் சுற்றிக் கயிறு கட்டி, முகமும் வலது கையும் மட்டும் வெளியே தெரிய, இரண்டரை அடி உயரச் சூசையப்பர் சிலை உட்கார்ந்திருந்தது. கண்டக்டர் மலாயில் ஏதோ சொன்னார். முன்னால் இருந்த தமிழர் ஒருவர் திரும்பி, "ஆளோ சாமியோ, சீட்டு போச்சில்ல. அதுக்குக் காசு கேக்குறாரு லா" என்று விளக்கினார்.

உயரத்தைக் காட்டி வாதாடி அரை டிக்கெட்டில் முடித்தேன். அந்த வெற்றியில் கையை வீசியதில் சிலை கம்பியில் இடித்து, சூசையப்பர் கையிலிருந்த லீலி மலர் உடைந்து விழுந்தது. தூத்துக்குடியிலிருந்து கடல் தாண்டிக் கீறல் படாமல் வந்தவர், கெடா மாநிலத்தில் அரை டிக்கெட்டுக்காக ஊனமானார்.

எண்பதுகளின் தொடக்கம் அது. எனக்கு முப்பத்தாறு வயது. பாளையங்கோட்டையில் தமிழாசிரியர். பெரியப்பா மகன் தாசு அண்ணன் கோலா கெத்திலுக்குப் பக்கத்தில் ஒரு ரப்பர் தோட்டத்தில் கிராணி, அதாவது ஆபீசில் கணக்கெழுதுகிறவர். தோட்டத்துக் கத்தோலிக்கர்களின் நல்மரணச் சங்கத்துக்கும் அவர்தான் செயலாளர். நல்ல மரணத்துக்குப் பாதுகாவலர் சூசையப்பர். அவர்களுடைய பழைய சிலையைக் கறையான் அரித்துவிட்டது, நல்லதாக ஒன்று கொண்டு வா என்று அண்ணன் எழுதியிருந்தார். வெளிநாட்டுப் பயணம் என்று பள்ளிக்கூடம் முழுக்கச் சொல்லிக்கொண்டு கிளம்பினேன். சாவுச் சங்கத்துக்குச் சாமான் கொண்டு போகிறேன் என்று யாரிடமும் சொல்லவில்லை.

கோலா கெத்தில் கடைத்தெருவில் அண்ணன் மோட்டார் சைக்கிளோடு நின்றார். அவருக்கும் எனக்கும் நடுவில் சூசையப்பரை உட்கார வைத்து, செம்மண் பாதையில் ஐந்து மைல் போனோம். வழி நெடுக ரப்பர் மரங்கள், எங்கள் பள்ளி மைதானத்தில் நான் ஒருநாளும் நிறுத்த முடியாத நேர்வரிசையில் நின்றன. வீட்டு வாசலில் அண்ணி முதலில் சிலையை விசாரித்தார், பிறகு என்னை.

மறுநாள் காலையிலேயே எனக்கு ஒரு பதவி கிடைத்துவிட்டது. அங்கே என்னை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடவில்லை. 'ஊர்க்காரர்' என்றார்கள். அவர்களில் பலர் கப்பலையே பார்த்ததில்லை. பாட்டன் காலத்தில் விட்டு வந்த ஊரைப் பற்றி ஒவ்வொரு வீட்டிலும் தீராத சந்தேகங்கள் இருந்தன. ஊர்ல சாம்பாருக்கு வெல்லம் போடுவாங்களா? ஊர்ல தாய்மாமனுக்கு மாலை முதல்லயா, கடைசியிலயா? சண்டைகள் எல்லாம் என்னிடம் தீர்ப்புக்கு வந்தன. எங்கள் வீட்டில் கத்தரிக்காய் வாங்குவதில்கூட என் கருத்தை யாரும் கேட்பதில்லை. இங்கே கேட்டார்கள், சொன்னேன். தெரியாததை இன்னும் உறுதியாகச் சொன்னேன்.

அன்று மத்தியானம் உடைந்த லீலியை ஒட்டுவதற்கு அண்ணி ஒருவரை வரச் சொல்லியிருந்தார். "சூசம்மா கை பட்டா எதுவும் ஒட்டிக்கும்" என்றார். வந்தவர் நல்ல உயரம். பூப்போட்ட சேலை, தலையில் ஒரு சரம் மல்லிகை, கழுத்தில் அளவெடுக்கும் நாடா. "வாங்கண்ணே, பிரயாணமெல்லாம் எப்படி?" என்று கேட்ட குரல் என் குரலைவிடக் கனமாக இருந்தது. நான் அடி முதல் முடி வரை பார்த்தேன். பார்த்ததை மறைக்க, "தண்ணி குடிக்கிறீங்களா?" என்றேன். அது என் வீடும் இல்லை, குடம் எங்கே இருக்கிறது என்றும் எனக்குத் தெரியாது. அண்ணி சிரித்துவிட்டார்.

சூசம்மாவுக்குக் காலையில் ரப்பர்ப் பாலுக்கு மரம் சீவுவது, மத்தியானத்துக்கு மேல் தையல். தோட்டத்துப் பெண்கள் அத்தனை பேர் போட்டிருந்த ரவிக்கையும் அவள் வெட்டியது. மலரைப் பத்து நிமிடத்தில் ஒட்டினாள். "இந்தச் சாமி பேருதாண்ணே எனக்கும் வச்சாங்க. சூசை. லயத்துப் பொம்பளைங்கதான் அம்மாவைச் சேத்துட்டாங்க" என்றாள். லயம் என்றால் தோட்டத்துக் குடியிருப்பு வரிசை. அவனா அவளா என்று தெரியாமல் முதல் இரண்டு நாள் 'அவங்க' என்று சொல்லிச் சமாளித்தேன். மரியாதை என்று மற்றவர்கள் நினைத்துக்கொண்டார்கள்.

என் யோக்கியதையையும் சொல்லிவிட வேண்டும். எங்கள் கடைத்தெருவில் இப்படிப்பட்டவர்கள் நான்கு பேர் கைதட்டிக்கொண்டு வந்தால், நான் எதிர்ச் சாரிக்குப் போய்ப் புத்தகக் கடையில் நுழைந்துகொள்வேன். அப்படி நுழைந்து வாங்கிய, படிக்காத புத்தகங்கள் வீட்டில் நிறைய இருக்கின்றன.

சாயங்காலம் லூர்து அக்கா வந்தார். மரம் சீவுகிற பெண்களில் மூத்தவர். ரப்பர்க் காட்டின் இந்தக் கோடியிலிருந்து கூப்பிட்டால் அந்தக் கோடியில் பால் வாளி தூக்கிப் போகிறவர்கள் நின்றுவிடுவார்கள். விஷயத்தை அவர்தான் சொன்னார். நல்மரணச் சங்கத்து நோட்டில் இரண்டு பட்டியல்கள் உண்டு. ஆண்கள் பட்டியலில் ஒருவர் இறந்தால் ஆண்கள் குளிப்பாட்டி உடுத்துவார்கள். பெண்கள் பட்டியல் என்றால் பெண்கள். சூசம்மாவின் பெயர் ஞானஸ்நானப் பெயராக ஆண்கள் பட்டியலில் இருக்கிறது. அதைப் பெண்கள் பட்டியலுக்கு மாற்ற வேண்டும். ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் பிறகு சங்கம் கூடி முடிவு செய்கிறது.

"எழுத்துதானே அக்கா, எதிலே இருந்தால் என்ன?" என்று கேட்டேன்.

அதுவரை அங்கேயே இருந்த சூசம்மா பதில் சொன்னாள். "பாலிங்ல என்னை மாதிரியே ஜெயான்னு எனக்கு ஒரு கூட்டாளி, அண்ணே. போன வருசம் செத்துட்டா. சேதி கேட்டு ஓடுறேன். ஒரு வீட்டு முன்னாடி பெட்டி வச்சிருக்கு. உள்ள முடி வெட்டி, சட்டை கால்சட்டை போட்ட ஒரு ஆம்பளை. ஐயோ வேற சாவு வீடுன்னு நான் திரும்பி ரோட்டுக்கே வந்துட்டேன். டீக்கடையில விசாரிச்சப்பதான் அது ஜெயான்னு தெரிஞ்சது. திரும்பிப் போறதுக்குள்ள மூடிட்டாங்க."

கையிலிருந்த கோப்பியைக் கீழே வைத்தேன்.

லூர்து அக்காவும் இன்னும் இரண்டு பெண்களும் மூன்று வாரமாக லயம் லயமாக ஏறி இறங்கிப் பேசி வந்தார்கள். பாதிப் பேர் சரி என்றார்கள். மீதிப் பேர் ஒரே கேள்வி கேட்டார்கள்: ஊர்ல இப்படி உண்டா? அதற்குத்தான் பதில் இல்லை. "நீங்க கூட வந்து ஒரு வார்த்தை சொல்லுங்க தம்பி. ஊர்க்காரர் சொன்னா போலே லா, வேலை முடிஞ்சிடும்" என்றார். போலே என்றால் மலாயில் 'முடியும்'. எனக்கு ஊர் வழக்கம் எதுவும் தெரியாது என்று அப்போதே சொல்லியிருக்கலாம். சட்டையை மாற்றிக்கொண்டு வருகிறேன் என்றேன்.

புதனும் வியாழனும் வீடு வீடாகப் போனோம். முதல் வீட்டில் கோப்பியும் பிஸ்கட்டும். "ஊரில் இதெல்லாம் சகஜம்" என்று சுருக்கமாகச் சொன்னேன். இரண்டாம் வீட்டில் நாசி லெமாக். தேங்காய்ப்பால் சோற்றுக்கு மேல் நெத்திலிச் சம்பல். ராஜாக்கள் காலத்திலிருந்தே சகஜம் என்றேன். நான்காம் வீட்டில் கோழி அடித்தார்கள். பெரிய பெரிய குடும்பங்களில் இவர்கள் கை வைத்தால்தான் சவத்தை எடுப்பார்கள் என்று சொல்லிவிட்டேன். சூசம்மா என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தாள். லூர்து அக்கா இன்னொரு துண்டு கோழி வைத்தார்.

வியாழன் சாயங்காலம் உபதேசியார் என்னைத் தனியாகச் சாப்பிடக் கூப்பிட்டார். சாமியார் மாதம் ஒருமுறைதான் தோட்டத்துக்கு வருவார். மற்ற ஞாயிறுகளில் செபம் நடத்துவது உபதேசியார். இந்த மாற்றத்தை எதிர்ப்பவர் அவர்தான். ஒல்லியான மனிதர், பொல்லாதவர் இல்லை. மழையில் யாரும் வராதபோது தனியாக நின்று சவக்குழி வெட்டியவர் என்று லூர்து அக்காவே சொல்லியிருந்தார். மிளகு போட்ட பன்றிக்கறி வந்தது. எங்கள் ஊர்க் கல்யாணங்களில் நான் முண்டியடித்தும் கிடைக்காத துண்டுகள் என் தட்டில் தானாக விழுந்தன.

"நான் யாரையும் வெறுக்கல, சார். செத்தவங்க வாய் திறந்து பேச மாட்டாங்க. அவங்களுக்கு ஒரு அசிங்கம் வந்திடக்கூடாது, அவ்வளவுதான் என் பயம்" என்றார். பிறகு கேட்டார். "ஊர்ல இப்படி உண்டா, சார்?"

கையில் எலும்பு. எதிரில் கறிச்சட்டி. "சேச்சே" என்றேன். அதோடு நிறுத்தவில்லை. எங்கள் பக்கத்தில் இதைக் கேட்டால் சிரிப்பார்கள் என்றும் சேர்த்துச் சொன்னேன். இன்னொரு துண்டு எடுத்துக்கொண்டேன். கறி நல்ல கறிதான்.

சனிக்கிழமை லூர்து அக்காவும் சூசம்மாவும் பாலிங் கிளம்பினார்கள். ஜெயாவின் கல்லறையில் புல் பிடுங்க வேண்டுமாம். பாலிங் மலையைப் பார்க்கலாமே என்று நானும் ஒட்டிக்கொண்டேன். ஆளுக்கு இவ்வளவு என்று காசைப் பங்கிட்டுப் போகிற டாக்சி. டிரைவர் வயதான மலாய்க்காரர். சூசம்மாவைப் பார்த்து, "கக்கா முன்னால உட்காரட்டும், கால் நீளம்" என்று சொன்னதாக அக்கா மொழிபெயர்த்தார். கக்கா என்றால் அக்கா. நான் இரண்டு நாள் தடுமாறிய இடத்தை அவர் கதவைத் திறக்கிற நேரத்தில் தாண்டிவிட்டார்.

பாதி வழியில் வண்டி புகை கக்கி நின்றது. ஆண்பிள்ளை நான் ஒருவன் இருக்கிறேனே என்று வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கி, எதைத் தொடுவது என்று தெரியாமல் மூடியைத் தொட்டுக் கையைச் சுட்டுக்கொண்டேன். சூசம்மா ஓடையிலிருந்து டின்னில் தண்ணீர் கொண்டுவந்து ரேடியேட்டருக்குக் கொஞ்சமும் என் விரலுக்குக் கொஞ்சமும் ஊற்றினாள். பிறகு மழை பிடித்தது. எங்கள் பக்கம் மழை வருவதற்கு முன் இரண்டு நாள் யோசிக்கும். இங்கே யோசனையே கிடையாது.

பாலிங் மலை மேகத்துக்குள் போய்விட்டது. நான் பார்க்க வந்தது அதைத்தான். கல்லறைத் தோட்டத்தில் ஒரு மரச்சிலுவை, அதில் ஓர் ஆணின் பெயர். சூசம்மா சேறு பார்க்காமல் மண்டியிட்டுப் புல்லைப் பிடுங்கினாள். அழவில்லை. எழுந்து கையைத் துடைத்துக்கொண்டு என்னிடம் சொன்னாள். "என்னை எங்க வேணும்னாலும் புதைக்கட்டும், அண்ணே. தெரியாத ஆளா என்னை அனுப்பிடக்கூடாது. குளிப்பாட்டி, என் சேலையைக் கட்டி, தலையைச் சீவி விட்டா போதும்."

திரும்பும் வழியில் என் வாயிலிருந்து ஊர்க்கதை ஒன்றும் வரவில்லை. உபதேசியார் வீட்டில் நான் சொன்னதை இவளிடம் சொல்லிவிட வேண்டும் என்று ஒவ்வொரு மைல்கல்லிலும் நினைத்தேன். கோலா கெத்திலில் இறங்கி ரொட்டி சானாய் சாப்பிட்டோம். அப்போதும் சொல்லவில்லை.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து சாமியார் போனதும், கோயிலுக்குப் பக்கத்துக் கொட்டகையில் சங்கம் கூடியது. ஆண்கள் ஒரு புறம், பெண்கள் ஒரு புறம். சூசம்மா இரண்டிலும் சேராமல் கதவோரம் ஒரு முக்காலியில் உட்கார்ந்திருந்தாள். அவள் எப்போதும் அங்கேதான் உட்காருவாளாம். தாசு அண்ணன் நோட்டைத் திறந்து விஷயத்தை வாசித்தார்.

லூர்து அக்கா எழுந்தார். "ஊர்க்காரர் வீட்டுக்கு வீடு வந்து சொன்னாரு. ஊர்ல பெரிய குடும்பத்துலயே இது வழக்கமாம்." உபதேசியார் எழுந்தார். "அதே ஊர்க்காரர் எங்க வீட்டுல சொன்னாரு. ஊர்ல இதைக் கேட்டா சிரிப்பாங்களாம்." கொட்டகை முழுவதும் என் பக்கம் திரும்பியது. யாரோ ஒருவர், "ரெண்டு ஊர்க்காரரு வந்திருக்காங்களா லா?" என்று கேட்டார்.

அண்ணன் கண்ணாடியைக் கழற்றினார். "தம்பி, எது நெசம்?"

எழுந்தேன். வகுப்பில் பாடம் தெரியாதபோது வருகிற குரல் தானாக வந்தது. "தமிழர் மரபிலே..." என்று ஆரம்பித்துவிட்டேன். விட்டால் ஐந்து நிமிடம் ஓட்டியிருப்பேன். கதவோரம் பார்வை போனது. சூசம்மா என்னைப் பார்க்கவில்லை. மடியில் கிடந்த தன் கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள், விடைத்தாள் கைக்கு வரப் போகிற பிள்ளை போல.

"ரெண்டும் பொய்" என்றேன். "கோழிக்கறிக்கு ஒரு பொய், பன்றிக்கறிக்கு ஒரு பொய்." சிரித்தார்கள். நானும் சிரித்து உட்கார்ந்திருக்கலாம். "ஊர்ல இவங்க எதிர்ல வந்தா நான் அந்தச் சாரிக்குப் போயிடுவேன். இவங்கள்ல யாராவது செத்தா யார் குளிப்பாட்டுறாங்கன்னு நான் ஒருநாளும் கேட்டதில்லை. எனக்குத் தெரிஞ்ச ஊர் வழக்கம் அவ்வளவுதான்." இப்போது யாரும் சிரிக்கவில்லை. எனக்கு வெட்கமாக இருந்தது, நியாயமான வெட்கம்.

லூர்து அக்கா என்னை ஒரு பார்வை பார்த்தார். அதை நான் இன்னும் மறக்கவில்லை. பிறகு கூட்டத்தைப் பார்த்து, "சரி. ஊர்ல இருந்து வர வேண்டியது வந்தாச்சு. செத்தா இந்த மண்ணுலதானே பொதைக்கப் போறோம்? இனி நாம பேசுவோம்" என்றார்.

உபதேசியார் உட்காரவில்லை. "நான் ஒண்ணு கேக்குறேன். பொம்பளைங்க பட்டியல்ல பேர் வந்தா, முறை வரும்போது மத்தப் பொம்பளைங்களைக் குளிப்பாட்டுற கடமையும் வரும். எங்கம்மா படுத்த படுக்கையா கிடக்குறாங்க. நாளைக்கு அவங்களை இவன் தொடணுமா? உங்கள்ல யாருக்குச் சம்மதம்? சொல்லுங்க."

மூன்று வாரம் வீடு ஏறிய பெண்கள்கூட இதை யோசித்திருக்கவில்லை போலும். தகரக் கூரையில் ஏதோ காய் விழுந்து உருண்டது. தோற்றுவிட்டது என்றே நினைத்தேன். அதில் என் பங்கையும் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன்.

அண்ணி எழுந்தார். ஒரு கூட்டத்தில் அவர் பேசி யாரும் கேட்டதில்லை. "இந்தக் கிராணிக்கு இருவது வருசமா சோறு போடுறேன். என் ரவிக்கை அளவு என்னன்னு அவருக்குத் தெரியாது. சூசம்மாவுக்குத் தெரியும். எனக்கு ஆப்பரேசன் தழும்பு எங்க இருக்குன்னு தெரியும், அது வெளிய தெரியாம தைக்கவும் தெரியும். இங்க எந்தப் பொம்பளையை அவ அளவெடுக்கல? உசுரோட இருக்கயில தொட்டா அசிங்கமில்ல, செத்தப்புறம் தொட்டா அசிங்கமா? என்னைக் குளிப்பாட்ட அவதான் வரணும். எழுதிக்கிங்க."

அண்ணன் தலை நோட்டுக்குள் போய்விட்டது. பெண்கள் புறத்தில் முதலில் சிரிப்பு வந்தது, அப்புறம் "எனக்கும் சம்மதம்" என்று ஒரு குரல், பிறகு எண்ண முடியாமல் பல குரல்கள்.

"நீ என்னம்மா சொல்றே? கடமையும் சேர்ந்து வருது" என்று அண்ணன் கேட்டார். சூசம்மா முக்காலியிலிருந்து எழுந்தாள். "ஜெயாவுக்கு நான் ஒரு சொம்பு தண்ணிகூட ஊத்தலண்ணே. யாருக்காவது ஊத்துறேன்."

கை தூக்கச் சொன்னார்கள். பெண்களில் பெரும்பாலோர், ஆண்களில் பாதிக்குக் கொஞ்சம் குறைவு. போதுமாக இருந்தது. உபதேசியார் கை தூக்கவில்லை, வெளியேறவும் இல்லை. அண்ணன் ஒரு பட்டியலில் ஒரு பெயரை அடித்து, இன்னொன்றில் ஒரு பெயரை எழுதினார். "படிச்சுக் காட்டுங்கண்ணே" என்றாள் சூசம்மா. அவர் படித்தார். இன்னொரு தடவை படிக்கச் சொன்னாள். படித்தார்.

செவ்வாய்க்கிழமை நான் கிளம்பினேன். அதுவரை யாரும் என்னிடம் ஊரைப் பற்றி ஒரு சந்தேகமும் கேட்கவில்லை. சாம்பாரில் அண்ணி தன் இஷ்டத்துக்கு வெல்லம் போட்டார். பஸ் ஏற்றிவிட வந்த லூர்து அக்கா, வழியில் தின்ன ஒரு பொட்டலம் கொடுத்து, "பொய் சொல்லாம சாப்பிடுங்க தம்பி" என்றார்.

அந்த வருஷக் கிறிஸ்துமசுக்கு முன்னால் அண்ணனின் கடிதம் வந்தது. மழை எவ்வளவு, பால் எவ்வளவு என்று ஒரு பக்கம். பிறகு, உபதேசியாரின் அம்மா காலமான செய்தி. பட்டியல்படி அன்றைய முறை லூர்து அக்காவுக்கும் சூசம்மாவுக்கும். அக்கா முதலில் உள்ளே போய்விட்டார். சூசம்மா வெந்நீர்ப் பானையைத் தூக்கிக்கொண்டு வந்தபோது, உபதேசியார் அறை வாசலில் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாராம். அவர் நகரவில்லை, அவளும் நகரவில்லை.

"தண்ணி ஆறுது, அண்ணே" என்றாளாம் சூசம்மா.

உபதேசியார் பானையை அவள் கையிலிருந்து வாங்கி உள்ளே கொண்டுபோய் வைத்தார். அவள் உள்ளே போனதும், தான் வெளியே வந்து கதவைச் சாத்தினார்.